மோட்டாரை மறந்தது நீங்க இல்லைங்க

என்னங்க, என் பிரியமானவரே,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். உங்க நலத்தை இனிமேல் யாரிடம் கேட்டு அறிவது? அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்களுக்கும் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. "தேவகி, தலையும் வாலும் வேணாம், நடுவுல இருக்கிறத சொல்லு" என்பீங்க.

நடுவில் இருப்பது இதுதான். உங்களுக்கு மறதி நோய் வரவில்லை. உங்க அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வரவே இல்லை. அன்றைக்கு உப்பளத்து மோட்டாரை நிறுத்த மறந்தது நீங்க இல்லைங்க. இது இந்தச் சித்திரையில்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வாய் துடிக்கிறது. முதலில் சொல்லவேண்டிய ஆள் நீங்க, நீங்கதான் வீட்டில் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடவில்லை. நாலு பேர் படிக்கட்டும். உங்க மறதியைப் பற்றி மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தவர்கள் எல்லாம் பேசினார்கள், பதிலையும் அவர்கள் கேட்கட்டுமே. அவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக, உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். கொட்டாவி விடாமல் கேளுங்க.

உப்பளத்துக்கு அந்த மோட்டார் பெட்டியை ஆசை ஆசையாக வாங்கிவந்தது நீங்கதான். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்தபடியே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிற்கும். ஊரெல்லாம் மிஸ்டு கால் கொடுத்தே பேசிப் பழகினவர்கள் நாம். 'வந்து சேர்ந்துட்டேன்' என்பதற்கு மிஸ்டு கால், 'கீழே இறங்கி வா' என்பதற்கு மிஸ்டு கால். மோட்டாரும் நம்ம வீட்டு ஆள் ஆகிவிட்டது என்று உங்களுக்கு ஒரே பெருமை.

புது சாமான் என்றால் உங்களுக்கு உயிர். டார்ச்சை அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்துபோய் மோட்டாரை நிறுத்தின காலம் போச்சு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீங்க! உங்க தம்பி குமார் பிள்ளைக்குக் காது குத்தினோமே, அன்றைக்குப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பாருங்க, இங்கேருந்தே போடறேன்" என்று போனைக் காதில் வைத்தீங்க. எங்களில் யாரும் மோட்டாரைப் பார்க்கவில்லை. உங்க முகத்தைப் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. மோட்டாரை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் பின்னாடி வினையானது.

அந்தப் பங்குனி மாதத்தை நான் சொல்லவேண்டியதில்லை. கீழ்ப் பாத்திகளில் உப்பு விளைந்து கண்ணைக் கூசுகிற மாதிரி கிடந்தது. காலையில் வாருவதற்கு ஆள் சொல்லி வைத்திருந்தீங்க. மேல் பாத்தியை நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நம்ம வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே மிஸ்டு கால் கொடுத்தீங்க. "மோட்டார நிறுத்திட்டேன் தேவகி. நாளைக்கு வாரிட்டா ஒரு கவலை விட்டுச்சு" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

விடிந்து போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேல் பாத்தி வழிந்து, வரப்பு உடைந்து, காயாத தண்ணீர் எல்லாம் கீழே பாய்ந்து, விளைந்த உப்பு முழுக்கக் கரைந்துவிட்டது. வார வந்த ஆட்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்க போனை நீட்டி நீட்டிக் காட்டினீங்க. "நான் நிறுத்தினேன்யா, இந்தா பாரு, கால் போயிருக்குது" என்றீங்க. யாரும் சண்டை போடவில்லை. "சரி விடு ஏழுமல, வயசாச்சுன்னா அப்படித்தான்" என்றார்கள். சண்டை போட்டிருந்தால்கூட உங்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர்கள் சொன்ன கணக்கு இதுதான்: நீங்க முதலிலேயே ஒரு தடவை கால் கொடுத்து மோட்டாரை நிறுத்தியிருப்பீங்க, அதை மறந்துபோய் மறுபடி கால் கொடுத்து ஓட விட்டிருப்பீங்க. மோட்டாரைப் போடக் கொடுத்ததை விட்டால் போனில் ஒரு கால்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். "வேற போன்ல குடுத்திருப்பாரு" என்று பதில் வந்தது. உங்க அப்பாவைக் கடைசிக் காலத்தில் எல்லோரும் பார்த்தவர்கள். பெற்ற பிள்ளை குமாரையே "நீ யாருப்பா, யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்டவர் அவர். அதனால் ஊருக்கு ஆச்சரியமே இல்லை, அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கு வருகிறது என்று முடித்துவிட்டார்கள்.

நான் நம்பவில்லை. உங்களுக்கும் தெரியும், நான் நம்பவில்லை. ஆனால் எதிர்த்துப் பேச என் கையில் ஒன்றும் இல்லை. குமார் மரியாதையாகத்தான் வந்து, "அண்ணா, மோட்டார இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி நம்பரை வாங்கிக்கொண்டான். நீங்களும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டீங்க.

அதற்கப்புறம் நீங்க பண்ணிய வேலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சேர்க்க ஆரம்பித்தீங்க. மூன்று பர்னர் கேஸ் அடுப்பில் முன்னால் வைத்த பாலுக்குப் பதிலாகப் பின்னால் இருக்கிற பர்னரைத் திருகிவிட்டீங்க என்றால், "பாத்தியா, ஆரம்பிச்சிடுச்சு" என்பீங்க. கூடத்து சுவிட்ச் போர்டில் ஃபேனைப் போடப்போய் வாசல் லைட்டைப் போட்டுவிட்டால் அப்படியே போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பீங்க. எனக்குச் சளி பிடித்தபோது கிளினிக்குக்குப் போனோமே, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்தீங்க. உள்ளே உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். திரும்பி வரும்போது வண்டியை நீங்க ஓட்டவில்லை. "நீயே ஓட்டு" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டீங்க.

சென்னையிலிருந்து நம்ம பொண்ணு வனிதா தினமும் போன் பண்ணி, "அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா, இங்க வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினாள். நீங்க மாட்டேன் என்றீங்க. "போனா உறுதியாயிடும் தேவகி. இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றீங்க. ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீங்க, ஆஸ்பத்திரி வாசல் போவதற்குள் முடிந்துவிட்டது. போகும்போதும், அப்பாவைப் போல ஆவதற்குள் போகிறோம் என்று நினைத்துத்தான் போனீங்களா? இதைக் கேட்க எனக்கு வழியில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் நான் என் தையல் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். குமார் வந்து வாசலிலேயே நின்றான். முகம் வெளுத்துப்போய் இருந்தது. புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவன், நேராக உப்பளத்துக்குப் போயிருக்கிறான். உங்க பங்குனியில் நடந்தது அப்படியே நடந்திருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, பாத்தியெல்லாம் தண்ணீர், உப்பெல்லாம் காணோம்.

"அண்ணி, பஸ் ஏறும்போது கால் குடுத்து நிறுத்திட்டுத்தான் போனேன். இந்தா பாருங்க, கால் போயிருக்குது" என்று போனை நீட்டினான். அதற்கப்புறம் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கும் வந்துடுச்சு அண்ணி. அப்பாவுக்கு, அண்ணனுக்கு, இப்ப எனக்கு. பசங்க இன்னும் சின்னதுங்க அண்ணி" என்று அழுதான்.

ஊசி என் கையிலேயே நின்றுவிட்டது. அவன் சொன்னது அத்தனையும் நீங்க சொன்ன வார்த்தை. நிறுத்தினேன், கால் போயிருக்கிறது, பார். இரண்டு பேருக்கு ஒரே மறதி வருமா? அதுவும் அந்தப் பெட்டியிடம் மட்டும் வருமா? உங்களை யோசித்துப் பார்த்தேன். உப்பு வாருகிற ஒவ்வொருத்தர் வீட்டுப் பிள்ளை பெயரும் உங்களுக்குத் தெரியும், எந்தப் பாத்தி என்றைக்குத் தண்ணீர் குடித்தது என்று தெரியும், என் அம்மா எப்போதோ ஒருநாள் உங்களைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நீங்க மறக்கவில்லை. அதை வைத்து என்னைக் கடைசி வரைக்கும் வம்புக்கு இழுத்தீங்க. மறதிக்காரன் செய்கிற வேலையா அது?

"எழுந்திரு குமாரு. நாளைக்குக் காலையில என்ன உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போ. அந்தப் பெட்டிய நான் பாக்கணும்" என்றேன்.

"பெட்டில என்ன அண்ணி இருக்குது? அது பாட்டுக்கு வேல செய்யுது."

"ஜாக்கெட் இறுக்குதுன்னு வந்தா நான் ஜாக்கெட்டத்தான் பிரிச்சுப் பாப்பேன். உடம்பக் குறைச்சுட்டு வான்னு சொல்ல மாட்டேன். நீ வா."

மறுநாள் காலையில் போனோம். உடைந்த வரப்புக்குப் பக்கத்திலேயே மோட்டார் கொட்டகை. பெட்டிக்கு முன்னால் நின்று குமார் கால் கொடுத்தான். ரிங் போனது, பெட்டியே கட் பண்ணியது, மோட்டார் ஓடியது. மறுபடி கொடுத்தான். ரிங் போனது, கட் ஆனது, மோட்டார் நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்தோம், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. குமாரின் முகம் இன்னும் தொங்கிப்போனது. "பெட்டி சரியாத்தான் அண்ணி இருக்குது. எனக்குத்தான்" என்றான்.

கிளம்பலாம் என்று கடைசியாக ஒரு தடவை மோட்டாரைப் போட்டிருந்தோம். கொண்டுபோன டீயை வரப்பில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டார் தானாக நின்றது. "கரண்ட் போயிடுச்சு" என்றான் குமார். உப்பளத்து லைனில் கரண்ட் போவது புதிதா? டீயைக் குடித்தோம். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் லைட் எரிந்தது, கரண்ட் வந்துவிட்டது. ஆனால் மோட்டார் ஓடவில்லை, சும்மா கிடந்தது.

நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "குமாரு, நீ இப்ப இங்க இல்ல. வீட்ல இருக்கிற. இங்க கரண்ட் போனது வந்தது உனக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும் அண்ணி? வீட்டு லைன் வேற. இது த்ரீ பேஸ் லைன். இங்க போனாலும் அங்க ஃபேன் சுத்திட்டுத்தான் இருக்கும்."

"சரி. வீட்ல இருக்கிற, மோட்டார் ஓடுதுன்னு நெனச்சுட்டு இருக்கிற. இப்ப அத நிறுத்து."

குமார் போனை எடுத்துக் கால் கொடுத்தான். ரிங் போனது, பெட்டி கட் பண்ணியது. மோட்டார் கர்ரென்று ஓட ஆரம்பித்தது.

அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தக்கூடத் தோன்றவில்லை எங்களுக்கு. அப்புறம் உங்க தம்பி சிரிக்க ஆரம்பித்தான் பாருங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "அண்ணா, நீ நிறுத்தினடா! நீ நிறுத்தினடா!" என்று அந்த வெட்டவெளியைப் பார்த்துக் கத்தினான். உங்களை அவன் டா போட்டு நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் கூப்பிட்டிருப்பான் போல.

அவ்வளவுதாங்க விஷயம். அன்றைக்கு நீங்க கால் கொடுப்பதற்கு முன்னாலேயே உப்பளத்தில் கரண்ட் போய் வந்திருக்கிறது. மோட்டார் தானாகவே நின்றுபோயிருக்கிறது. நீங்க அதை நிறுத்தக் கொடுத்த கால்தான் அதை ஓட வைத்தது. ஓடுவதற்கும் அதே கால், நிற்பதற்கும் அதே கால். இரண்டுக்கும் அதே ரிங், அதே கட். ஓடுகிறேன் என்றோ நின்றுவிட்டேன் என்றோ ஒரு வார்த்தை அந்தப் பெட்டி உங்களிடம் சொல்லவில்லை. நீங்க பண்ண வேண்டியதைச் சரியாகப் பண்ணிவிட்டு, டீயை முடித்துவிட்டு, நிம்மதியாகத்தான் எழுந்தீங்க.

நீங்க மண்வெட்டியால் வெட்டித் திறந்து மூடுகிற மடையை நினைத்துப் பார்த்தேன். திறந்திருந்தால் தண்ணீர் ஓடுகிறது, மூடியிருந்தால் மண் தெரிகிறது. யாரும் போய் அதை விசாரிக்கவேண்டியதில்லை. அதற்காகப் பழையபடி டார்ச்சோடு வரப்பில் நடக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெட்டி வேண்டும், நீங்க ஆசைப்பட்டது நல்ல ஆசைதான். பெட்டியைப் பண்ணினவர் மடையைப் போல அதையும் தன் நிலையைச் சொல்ல வைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பெட்டியைத் தன் மேஜையில் வைத்துப் பார்த்திருப்பார், கண்ணுக்கு முன்னால் மோட்டார் ஓடியிருக்கும், நின்றிருக்கும். மேஜையில் எல்லாம் தெரியும். மரக்காணத்தில் வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனுஷனுக்கு என்ன தெரியும் என்று அவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அளவெடுக்காமல் தைத்துவிட்டார்.

அன்றைக்கே குமாரைக் கூட்டிக்கொண்டு கோட்டக்குப்பம் போனேன், பெட்டி விற்ற சலீம் பாய் கடைக்கு. என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, பஸ்ஸிலேயே சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். பாவம், வெளிநாட்டில் ஏசி மெக்கானிக்காக உழைத்துவிட்டு வந்து கடை வைத்தவர், பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, கரண்ட் போய் வந்தா மோட்டார் நிக்கும்னு புக்குல போட்டிருக்குதே" என்றார்.

"புக்கு இங்கிலீஷ்ல எறும்பு சைஸ்ல இருக்குது பாய். எங்க வீட்டுக்காரர் படிச்சிருந்தாலும், உப்பளத்துல கரண்ட் போனத வீட்ல இருந்துட்டு எப்படிப் பாப்பாரு?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "இன்னும் சில பேரு வந்தாங்க அக்கா. கொல்லை வெச்சிருக்கிறவங்க. பயிர் மூழ்கிப் போச்சுன்னு. ஆனா யாரும் பெட்டி மேல குறை சொல்லல. என் தப்புதான் பாய், கவனம் இல்லாம பண்ணிட்டேன்னுதான் சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போய் அழுகை வந்துவிட்டது. நீங்க ஒருத்தர்தான் என்று நினைத்தேனே, எத்தனை வீட்டில் எத்தனை பேர் தங்களையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! எல்லோரும் தன் தப்பு தன் தப்பு என்று சொல்லிவிட்டால், பெட்டி பண்ணினவர் காதுக்கு எப்படித்தான் போகும்?

சலீம் பாய் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கதையைச் சொன்னார். வெளிநாட்டில் அவர் தங்கியிருந்த ரூமில் பாத்ரூம் குழாய் இரண்டும் மாற்றி மாட்டியிருந்ததாம். நீலப் புள்ளி வைத்ததைத் திருகினால் கொதிக்கிற தண்ணீர் வரும். "புதுசா வர்ற ஒவ்வொருத்தனும் கைய சுட்டுக்குவான் அக்கா. நாங்க எல்லாம் வெளிய நின்னு சிரிப்போம். என் கையையும் சுட்டுத்தான் பழகினேன். அல்லாமேல ஆணையா, குழாய மாத்தணும்னு ஒருத்தனுக்கும் தோணல" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நான் ஜாக்கெட் தெச்சா போட்டுப் பாக்காம யாரையும் அனுப்ப மாட்டேன் பாய். நீங்க?" என்று கேட்டேன். இப்போது பாயும் அப்படித்தான் செய்கிறார். பெட்டி வாங்க வருகிறவரைக் கடைக்கு வெளியே நிற்க வைத்துக் கால் கொடுக்கச் சொல்கிறார். உள்ளே கரண்டைப் பிடுங்கிவிட்டு, "இப்ப ஓடுதா நிக்குதா சொல்லுங்க" என்கிறார். சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டியை விற்பதில்லை.

நமக்கு வேறு பெட்டி மாட்டிக் கொடுத்திருக்கிறார். இது கட் பண்ணாது, எடுத்துப் பேசும். "மோட்டார் ஓடுகிறது, நிறுத்த ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். நிறுத்தினால் "மோட்டார் நின்றுவிட்டது" என்று சொல்லும். கரண்ட் போனாலும் வந்தாலும் போனுக்கு மெசேஜ் வரும். குமார் அதோடு விடவில்லை. கொட்டகை மேல் கம்பம் நட்டு, மோட்டார் ஓடினால் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்பு போட்டிருக்கிறான். ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட இப்போது நம்ம மோட்டார் ஓடுகிறதா என்று தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாமல் போனதே என்று அந்த பல்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

வனிதாவிடம் சொன்னேன். அழுகிறாள் என்று தெரிந்தது. அப்புறம் சொன்னாள், "அம்மா, எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கம்மா. கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணு பண்ணா, ஒண்ணும் தெரியாத ஒருத்தர கூப்பிட்டு முன்னாடி உக்கார வெப்பாங்க. நாங்க வாயத் திறக்காம பாத்துட்டே இருக்கணும். அவங்க எங்க தடுமாறுறாங்களோ அங்க ஸ்கிரீன் தப்புன்னு எழுதிக்குவாங்க. ஆளு தப்புன்னு எழுதவே கூடாது. தினமும் அத பண்றேன்மா நான். அப்பா விஷயத்துல எனக்கு அப்படி யோசிக்கத் தோணலயே." நான் சொன்னேன், உனக்கு மட்டும் இல்லை, அந்தப் பெட்டி முன்னால் போய் நிற்கிற வரைக்கும் யாருக்குமே தோன்றாது என்று. அவளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது, தாத்தா, அப்பா, அடுத்தது நாம் என்று. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தவள் அன்றைக்குத்தான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டதாக மறுநாள் போன் பண்ணிச் சொன்னாள்.

இன்னொன்றும் கேளுங்க. போன வாரம் ரத்த டெஸ்ட் கொடுக்க அதே கிளினிக்குக்குப் போயிருந்தேன். ரிசல்ட் வரும் வரைக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். வருகிற அத்தனை பேரும் இழுத்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவள் இழுத்தாள், பேன்ட் சட்டை போட்ட மருந்து கம்பெனிக்காரர் இழுத்தார், தினமும் வருகிற நர்ஸே இழுத்துவிட்டு அப்புறம் தள்ளினாள். கதவில் இழுக்கச் சொல்லிக் கைப்பிடி வைத்துவிட்டு, தள்ளு என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கை பிடியைப் பார்க்குமா, எழுத்தைப் பார்க்குமா? நான் ஒருத்தி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எனக்கு நீங்க சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்த அந்த நாள்தான் ஞாபகத்தில் இருந்தது. நீங்க முன்னாலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கலாம்ங்க, உங்களுக்கு ஒன்றுமே இல்லை.

கேஸ் அடுப்புக்கும் வழி பண்ணிவிட்டேன். எந்தத் திருகு எந்தப் பர்னருக்கு என்று நெயில் பாலிஷில் கலர் வைத்திருக்கிறேன். முன்னால் இருப்பது இரண்டும் சிவப்பு, பச்சை. பின்னால் இருப்பதற்கு வெள்ளை. சுவிட்ச் போர்டிலும் ஃபேனுக்கு மட்டும் ஒரு பட்டன் ஒட்டியிருக்கிறேன், தடவினாலே தெரியும். என் டப்பாவில் மிஞ்சின சட்டைப் பட்டன்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள், பண்ணிவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் பட்டன் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

மனது லேசாக இருக்கிறதுங்க. ரொம்ப லேசாக இருக்கிறது. நீங்க இல்லாத வீட்டில் இப்படிச் சொல்லலாமா என்று முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் நீங்க போனதைவிட, நீங்க பயந்துகொண்டே போனதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பயத்துக்கு இடமே இல்லை என்று தெரிந்த பிறகு தூக்கம் வருகிறது. குமாரும் பிள்ளைகளை வண்டியில் உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறான், நன்றாகப் பேசுகிறான். உடைந்த வரப்பைக் கட்டிவிட்டான். கீழ்ப் பாத்தியில் மறுபடி உப்பு பூக்க ஆரம்பித்திருக்கிறது.

இந்த ஐப்பசித் திதிக்குச் சொந்தமெல்லாம் வரும். படையல் போட்டு, யாரும் இலையில் உட்காருவதற்கு முன்னால் குமார் எழுந்து நின்று, "எங்க அண்ணன் மோட்டார நிறுத்தினாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறான். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அதோடு பெட்டிக்கு ஸ்பீக்கரில் கால் போட்டு எல்லோருக்கும் கேட்க வைப்போம். பந்தியில் உட்கார்ந்து மோட்டார் போடுவது நம்ம வீட்டு வழக்கம்தானே.

உங்களுக்கு ஒரு வாக்கும் கொடுக்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் யாராவது ஒரு சாமானோடு மல்லுக்கட்டி, "எனக்குத்தான் புத்தி இல்லை" என்று சொன்னால், அந்தச் சாமானை முதலில் என் கையில் கொடுக்கச் சொல்வேன். அதை விசாரித்து முடிக்காமல் மனுஷனைக் குறை சொல்ல ஒருத்தரையும் விடமாட்டேன்.

அந்தக் கடைசி மாதங்களில் படுக்கும்போது தினமும் கேட்பீங்களே, "தேவகி, கேஸ மூடிட்டனா? மோட்டார் நின்னுடுச்சா?" என்று. நான் உம் கொட்டுவேன், அது போதாமல் திரும்பக் கேட்பீங்க. இப்போதும் விளக்கை அணைக்கும் முன்னால் அந்த நம்பருக்கு ஒரு கால் போடுகிறேன். நின்றுவிட்டது என்று அது சொல்லக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், தினமும் சொல்வேன்.

கேஸ் மூடியாச்சுங்க. மோட்டார் நின்னுடுச்சு. நீங்க நிறுத்தினதுதான். தூங்குங்க.

உங்க வீட்டுக்காரி,
தேவகி